கல்லாவும் கல்வியும் – 6: வூஸ்டர் காலியான வசந்தம்

சென்ற வாரம் கில்மனைப் பால்டிமோரில் கவலையோடு விட்டுவிட்டு வந்தோம்.

1876-ல் அவர் தலைமையில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிதான் பல்கலைக்கழகத்தின் முதல் வேலை என்று அமெரிக்காவுக்குக் காட்டியது. ஆனால் அதன் சொத்தில் பெரும்பகுதி ஒரே ரயில்வே கம்பெனியின் பங்குகளில் முடங்கிக் கிடந்தது. 1880-களின் கடைசியில் பால்டிமோர் - ஓஹயோ ரயில்வே தள்ளாடியபோது கில்மனின் கஜானாவும் சேர்ந்து வற்றியது.

அந்த நேரத்தில் அவருடைய உளவியல் பேராசிரியர் ஒருவர் விடைபெற்றுக்கொண்டார். வடக்கே ஒரு பணக்காரர், ஒரு பல்கலைக்கழகத்தையே எடுத்து நடத்தச் சொல்லி அவரை அழைத்திருந்தார்.

பேராசிரியரின் பெயர் கிரான்வில் ஸ்டான்லி ஹால். பணக்காரர் ஜோனஸ் கில்மன் கிளார்க். (பெயரின் நடுவில் வரும் கில்மன் நம் பால்டிமோர் கில்மன் அல்ல.)

இந்த இருவருக்கும் நடுவில் பேசாமல் விட்ட ஒரு விஷயம்தான் இந்த வாரக் கதை.

* * *

கிளார்க் 1815-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹப்பர்ட்ஸ்டன் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. வண்டிப் பட்டறையில் வேலை பழகினார். அப்புறம் தகரச் சாமான் வியாபாரம். 1853-ல் கலிபோர்னியாவுக்குப் போனார். ஊரே தங்கம் தோண்ட ஓடிக்கொண்டிருந்தது. கிளார்க் தோண்டவில்லை, தோண்டுகிறவர்களுக்கு வேண்டியதை விற்றார். சேர்ந்த பணத்தை நிலத்திலும் அரசாங்கப் பத்திரங்களிலும் போட்டார். திரும்பி வந்தபோது பெரிய பணக்காரர்.

பிறகு ஐரோப்பா சுற்றினார், அரிய புத்தகங்களாக வாங்கிச் சேர்த்தார். படிக்காதவருக்குப் புத்தகத்தின் மேல் இருக்கும் ஆசை தனி ரகம். கடைசியில் வூஸ்டர் நகரத்தில் வீடு கட்டிக் குடியேறினார். பாஸ்டனுக்கு மேற்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி, கம்பி ஆலைகளும் இயந்திரப் பட்டறைகளும் புகைவிட்டுக்கொண்டிருந்த தொழில் நகரம் அது.

1887 ஜனவரியில் வூஸ்டர் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி கிடைத்தது. பல்கலைக்கழகம் தொடங்க கிளார்க் பத்து லட்சம் டாலர் தருகிறார்! அந்தப் பகுதியில் கல்விக்காக ஒரே ஆள் அவ்வளவு பெரிய தொகை எடுத்து வைத்தது அபூர்வம்.

அறங்காவலர்களாக ஊரின் முதல் வரிசை ஆட்கள் சேர்ந்தார்கள். செனட்டர் ஜார்ஜ் ஃபிரிஸ்பி ஹோர், நீதிபதி சார்லஸ் டெவன்ஸ், பரம்பரைப் பணக்காரரான மூன்றாம் ஸ்டீபன் சாலிஸ்பரி. அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டட வேலையை கிளார்க்கே கூட இருந்து பார்த்துக்கொண்டார். எழும்பிய கட்டடம் பார்வைக்கு ஒரு ஆலை போலிருந்தது. பல்கலைக்கழகம் ஓடாவிட்டால் தறி போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இப்படிக் கட்டுகிறார் என ஊர் கிண்டலடித்தது. அந்தக் கிண்டல் இன்றுவரை வூஸ்டரில் சொல்லப்படுகிறது.

கிளார்க்கின் மனதில் இருந்தது என்ன? தன்னைப் போல வசதியில்லாத வீட்டுப் பையன்கள் சொந்த ஊரிலேயே குறைந்த செலவில் படிக்க ஒரு கல்லூரி. அதன் மேல், காலப்போக்கில், ஒரு பல்கலைக்கழகம்.

இதை அவர் விளக்கமாக எழுதி வைக்கவில்லை. அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. சொல்லாமலே புரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

* * *

ஹால் நேர்மாறு. பேச்சால் கட்டிப்போடுகிறவர்.

அவரும் மாசசூசெட்ஸ் விவசாயி மகன்தான். 1878-ல் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸிடம் முனைவர் பட்டம் வாங்கினார், உளவியலில் அமெரிக்கா கொடுத்த முதல் முனைவர் பட்டம் அது. பிறகு ஜெர்மனியில் லைப்சிக் நகரம், உளவியல் அறிஞர் வுண்ட்டின் ஆய்வுக்கூடம். ஹாப்கின்ஸில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம். 1887-ல் உளவியலுக்கென்று ஓர் ஆய்விதழ். ஜெர்மன் பல்கலைக்கழகத்தை அப்படியே அமெரிக்காவில் இறக்கி வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஹாப்கின்ஸ் பாதி தூரம்தான் வந்திருக்கிறது என்பது அவர் குறை, ஏனென்றால் அங்கே இளங்கலை மாணவர்களும் படித்தார்கள்.

1888-ல் கிளார்க்கின் அறங்காவலர்கள் தலைமைப் பதவியைக் கொடுத்தபோது ஹால் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் கீழிருந்து மேலே கட்டுகிறார்கள், நாம் மேலிருந்து தொடங்குவோம். இளங்கலை இப்போதைக்கு வேண்டாம். ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் போதும். ஐந்தே துறைகள் போதும்: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், உளவியல்.

கிளார்க் தலையாட்டினார்.

ஆராய்ச்சிதான் பல்கலைக்கழகம் என்று ஹாலின் காதில் அது விழுந்தது. கிளார்க் நினைத்ததோ, முதலில் அது நடக்கட்டும், கல்லூரி பின்னால் வரும் என்பது. பாக்கிச் சொத்தும் ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேரும் என்று ஹால் கணக்குப் போட்டார். நான் தொடங்கி வைத்தேன், இனி ஊர்ப் பணக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள் என்று கிளார்க் கணக்குப் போட்டார். ஊர்ப் பணக்காரர்களோ, அவர் பெயர் வைத்த பல்கலைக்கழகத்துக்கு அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள்.

மூன்று கணக்கு. ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. யாரும் யாரையும் கேட்கவுமில்லை.

* * *

ஹால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பல மாதங்கள் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக ஏறி இறங்கினார். திரும்பி வந்து ஆள் சேர்க்க ஆரம்பித்தார். அந்த விஷயத்தில் அவர் கண் தப்பாது என்பதை மறுக்க முடியாது.

இயற்பியலுக்கு ஆல்பர்ட் மைக்கல்சன். இரண்டு வருஷம் முன்பு, 1887-ல், எட்வர்ட் மோர்லியோடு சேர்ந்து ஒளியின் வேகத்தை வைத்து அவர் செய்த பரிசோதனை இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. விலங்கியலுக்கு சார்லஸ் விட்மன், வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். வேதியியலில் ஜான் உல்ரிக் நெஃப், உடற்கூறியலில் ஃபிராங்க்ளின் மால், நரம்பியலில் ஹென்றி டொனால்ட்சன். கணிதத்துக்கு ஹாப்கின்ஸிலிருந்து வில்லியம் ஸ்டோரி, ஜெர்மானியரான ஆஸ்கர் போல்சா. மானுடவியலுக்கு, அன்று பெரிதாகப் பெயர் தெரியாத ஃபிரான்ஸ் போவாஸ். பின்னாளில் அமெரிக்க மானுடவியலுக்கே தந்தை என்று சொல்லப்பட்ட மனிதர் அவர்தான்.

1889 அக்டோபர் 2. கிளார்க் பல்கலைக்கழகம் திறந்தது.

பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரு கூடத்தில் அடங்கிவிடுவார்கள். வருகைப் பதிவு கிடையாது, ஒப்பிக்கிற பாடம் கிடையாது. ஆளுக்கொரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதிலேயே கிடந்தார்கள். பின்னாளில் கிளார்க் பல்கலைக்கழகத்தைத் திட்டியவர்கள்கூட அந்த முதல் நாட்களைத் திட்டியதில்லை. அறிவியல் தெரிந்த எவருக்கும் அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும்.

வூஸ்டர் மக்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. பத்து லட்சம் டாலர் கல்லூரி என்றார்கள், நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கும் அதில் இடமில்லையே?

* * *

முதல் அடி பத்திரிகையிலிருந்து வந்தது.

1890-ல் ‘வூஸ்டர் டெலகிராம்’ என்ற உள்ளூர் நாளிதழ், கிளார்க் ஆய்வுக்கூடங்களில் நாயையும் பூனையையும் உயிரோடு அறுக்கிறார்கள் என்று எழுதித் தள்ளியது. வீட்டு நாய் காணாமல் போனால் பல்கலைக்கழகத்தைச் சந்தேகப்படுகிற அளவுக்கு ஊர் மனம் கெட்டது. அடுத்த வருஷம் போவாஸ் பள்ளிக் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளக்க அனுமதி கேட்டபோது அதே பத்திரிகை அவர் மேல் பாய்ந்தது. ஜெர்மன் மாணவர்களின் வாள்சண்டை வழக்கத்தில் அவர் முகத்தில் விழுந்திருந்த தழும்புகளைக்கூட விடவில்லை. இந்த மூஞ்சியா நம் பிள்ளைகளைத் தொடுவது என்ற தொனி. ஆனாலும் பள்ளிக் குழு அனுமதி கொடுத்தது, அவரும் அளந்தார்.

கிளார்க்கைப் போன்ற ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேர் கிடைக்கும், ஊர் கும்பிடும் என்றுதானே பணத்தை எடுத்து வைத்தார்? ஊரோ அவர் பெயரை நாய் பிடிப்போடு சேர்த்து உச்சரித்தது.

இரண்டாவது அடி ஹாலின் வீட்டில் விழுந்தது.

அதே 1890, மே மாதம். தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஹால், ஓய்வுக்காகப் பிறந்த ஊரான ஆஷ்ஃபீல்டுக்குப் போயிருந்தார். வூஸ்டர் வீட்டில் மனைவி கொர்னீலியாவும் சின்ன மகள் ஜூலியாவும் இரவு தூங்கப் போனார்கள். விளக்குக்கு வரும் எரிவாயு கசிந்தது. இருவரும் எழுந்திருக்கவே இல்லை.

மகன் ராபர்ட் மட்டும் மிஞ்சினான்.

அதற்கு முன்னாலும் ஹால் ஒளிவு மறைவு உள்ள மனிதர்தான். அதற்கப்புறம் யாராலும் நெருங்க முடியவில்லை.

* * *

இப்போது பணத்துக்கு வருவோம்.

மூலதனத்தின் வட்டியை வைத்து மட்டும் இவ்வளவு பேரை வைத்திருக்க முடியாது. தொடக்க வருஷத்தில் பற்றாக்குறையைக் கிளார்க் தன் கைப்பணத்தால் ஈடுகட்டினார். அடுத்த வருஷம் குறைத்துக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைத்தார். பிறகு ஒன்றுமில்லை. கூட்டங்களுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

ஏன்? அவர் வாய் திறந்து காரணம் சொல்லவில்லை. கல்லூரி வராத கோபம், ஊர் கை கொடுக்காத வருத்தம், பத்திரிகை அவமானம், வெளியே நினைத்த அளவுக்கு அவரிடம் சொத்து இல்லாமை என்று வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ முதல் காரணமே போதும் என்று தோன்றுகிறது. கல்லூரிக்காகப் பணம் கொடுத்தவருக்கு மூன்று வருஷம் கழித்தும் ஒரு வகுப்பறைகூடக் கண்ணில் படவில்லை.

ஹாலுக்கு நிலைமை தெரியும். வெளியே சொல்ல முடியாது. நிதி விஷயம் வெளியே போகக்கூடாது என்பது கிளார்க்கின் எதிர்பார்ப்பு. சொன்னால் கிழவர் ஒரேயடியாக முறித்துக்கொள்வார், மிச்சச் சொத்தும் கை நழுவும். சொல்லாவிட்டால் பேராசிரியர்களைச் சமாளிக்க வேண்டும்.

ஹால் சமாளிக்கத் தீர்மானித்தார்.

கருவி வாங்கப் பணம் கேட்டு வந்தவரிடம் பார்க்கலாம் என்றார். சம்பள உயர்வு கேட்டவரிடம் அடுத்த வருஷம் என்றார். வேலைக்கு அழைத்தபோது கொடுத்த வாக்குறுதிகளை நினைவூட்டியவரிடம் அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்கிற மாதிரி நடந்துகொண்டார். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று. சிறிய இடம். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

கிளார்க் பணத்தை நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. தலைவர் பொய் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

மைக்கல்சன் எளிதில் வளைகிற மனிதர் அல்ல. கடற்படைப் பள்ளியில் பயிற்சி பெற்றவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். 1891-ல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்குப் போய், தன் ஒளியியல் முறையால் வியாழனின் துணைக்கோள்களின் விட்டத்தை அளந்துவிட்டு வந்திருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு கருவிக்காக வாசலில் காத்து நிற்பாரா? விட்மனின் சுபாவம் வேறு. சத்தம் போடாமல் நினைத்ததை முடிக்கிறவர். தன் துறையையே ஒரு குடும்பமாக வைத்திருந்தார். நாமெல்லாம் சேர்ந்தே இருப்போம், இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது என்பது அவர் எண்ணம்.

1892 ஜனவரியில் அது வெடித்தது. பேராசிரியர்களில் பெரும்பாலோர் சேர்ந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை: தலைவர் மேல் நம்பிக்கை இல்லை.

பேச்சுவார்த்தைகள் நடந்தன. மனம் ஒட்டவில்லை. அப்போதாவது ஹால் உண்மையைச் சொல்லியிருந்தால்? பணம் நின்றுவிட்டது, நானும் உங்களைப் போல மாட்டிக்கொண்டவன்தான் என்று ஒரு வார்த்தை? சொல்லவில்லை. கிளார்க்கைக் காப்பாற்றினார், தன்னைக் கொடுத்தார். இதை விசுவாசம் என்பதா, வரப்போகும் சொத்துக்கான பொறுமை என்பதா? இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

* * *

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் மேற்கே, சிகாகோவில், இன்னொருவர் வேறொரு பிரச்சினையில் இருந்தார்.

வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஹீப்ரு மொழி அறிஞர், பத்தொன்பது வயதுக்கு முன்பே யேலில் முனைவர் பட்டம் வாங்கியவர். எண்ணெய் அரசர் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1889-ல் ஆறு லட்சம் டாலர் கொடுத்துச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டார். யேலை விட்டு வரத் தயங்கிய ஹார்ப்பரை இழுப்பதற்காக அடுத்த வருஷமே இன்னொரு பத்து லட்சம். 1892 அக்டோபரில் திறப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது.

பணம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கட்டடம் எழும்புகிறது. ஆள் இல்லை!

பெரிய பேராசிரியர்கள் தங்கள் பழைய வேலையை விட்டு, இன்னும் சாந்து காயாத பல்கலைக்கழகத்துக்கு வர யோசித்தார்கள். ஹார்ப்பர் ராக்ஃபெல்லரின் கஜானாவை இன்னும் கொஞ்சம் திறக்க வைத்தார். துறைத் தலைவர்களுக்கு ஆண்டுக்கு ஏழாயிரம் டாலர். அன்றைய அமெரிக்காவில் அதில் பாதி வாங்குகிற பேராசிரியரே வசதியாக வாழ்ந்தார். மொழி, சமயம், பொருளாதாரத்துக்கு ஆள் கிடைத்தார்கள். அறிவியல் பக்கம் மட்டும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

திறப்புக்கு ஆறு மாதம்தான் பாக்கி. அப்போதுதான் வூஸ்டர் செய்தி அவர் காதுக்கு எட்டியது.

* * *

1892 ஏப்ரல்.

ஹார்ப்பர் வூஸ்டருக்கு வந்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கு வந்தால் முதலில் அங்கிருக்கும் தலைவரைப் பார்ப்பது மரியாதை. ஹார்ப்பர் போனது விட்மன் வீட்டுக்கு.

அங்கே கிளார்க்கின் பேராசிரியர்கள் கூடினார்கள்.

அந்தக் காட்சி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹாலின் வழியாகத்தான். முப்பது வருஷம் கழித்து, 1923-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் அதை எழுதினார். காயம் ஆறாமல் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் விளைவில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹார்ப்பர் ஊரை விட்டுக் கிளம்பும்போது கிளார்க் பல்கலைக்கழகத்தின் உயிர்நாடியான ஆட்கள் அவர் பட்டியலில் இருந்தார்கள்.

விட்மன் தன் உயிரியல் குழுவோடு போனார். டொனால்ட்சன், மால், நெஃப், போல்சா. எல்லோருக்கும் மேலாக, மைக்கல்சன்.

ஹார்ப்பருக்கு ஒரே பயணத்தில் ஓர் அறிவியல் துறைத் தொகுதியே கிடைத்தது. சிகாகோ திறந்த அன்றே உயிரியலிலும் இயற்பியலிலும் அமெரிக்காவின் முதல் வரிசையில் நின்றதற்கு வூஸ்டரில் கழித்த அந்த நாட்கள்தான் காரணம்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஹார்ப்பர் ஹாலின் வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கவா? இல்லை, நீங்களும் சிகாகோவுக்கு வந்துவிடுங்கள் என்று அழைக்க!

ஹாலின் பதில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்வாசல் வழியாக நுழைந்து, கூடச் சம்பளம் காட்டி, அடுத்தவர் வீட்டு வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு போகிற காரியம் இது என்று முகத்துக்கு நேரே சொன்னதாக எழுதியிருக்கிறார். ராக்ஃபெல்லரிடமே போய் முறையிடுவேன் என்றும் மிரட்டியிருக்கிறார்.

ஹார்ப்பர் மேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அந்தப் பேராசிரியர்கள் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. விட்மன் வீட்டுக்கு முதலில் போனது மட்டும் சரியில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது அப்படி நுழைந்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹால் செய்ததும் முந்தைய வருஷங்களில் அதே காரியம்தான். மைக்கல்சன் கிளீவ்லாந்தின் கேஸ் கல்லூரியிலிருந்து வந்தவர், ஸ்டோரி ஹாப்கின்ஸிலிருந்து வந்தவர். தன் பழைய எஜமானரான கில்மனிடமிருந்தே ஆளை அழைத்து வந்த ஹாலுக்கு, ஹார்ப்பர் செய்தபோது மட்டும் அது திருட்டாகத் தெரிந்தது. ஆள் பிடிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அன்றாடத் தொழிலானதே இந்தத் தலைமுறையில்தான்.

* * *

வசந்தம் முடியும்போது கிளார்க்கில் கணக்கெடுத்தார்கள். ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூட்டை கட்டியிருந்தார்கள். மாணவர்களிலும் பெரும்பகுதி போய்விட்டது, குரு போன இடத்துக்குச் சீடர்களும் போனார்கள். மைக்கல்சன் மீட்டர் அளவுகோலை ஒளியலையால் அளக்கப் பாரிஸ் பக்கத்துக்குப் புறப்பட்டார். 1907-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அறிவியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் என்ற பெருமை சிகாகோவின் கணக்கில் சேர்ந்தது. போவாஸுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அவரும் சிகாகோவுக்குத்தான் போனார், 1893 உலகக் கண்காட்சியின் மானுடவியல் பகுதிக்கு வேலை பார்க்க. போவதற்கு முன் அவரிடம் ஆய்வு செய்த அலெக்சாண்டர் சேம்பர்லினுக்கு மானுடவியலில் அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டத்தைக் கிளார்க் கொடுத்திருந்தது.

தங்கியவர்கள் கொஞ்சம் பேர். கணிதத்தில் ஸ்டோரியும் ஹென்றி டேபரும். உளவியலில் எட்மண்ட் சான்ஃபோர்ட். மைக்கல்சன் விட்டுப்போன ஆய்வுக்கூடத்தில் இளைஞர் ஆர்தர் வெப்ஸ்டர். சேம்பர்லினும் இருந்தார்.

ஹால் என்ன செய்தார்?

அந்த ஜூலையில், பாதி காலியான பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, உளவியல்காரர்கள் சிலரை வூஸ்டருக்குக் கூட்டினார். அமெரிக்க உளவியல் சங்கம் பிறந்தது அங்கேதான். முதல் தலைவர் ஹால். தன் பேராசிரியர்கள் நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகவில்லை, ஒரு நாட்டின் துறை முழுவதும் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. இந்த மனிதரை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ராஜினாமா செய்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஐந்து துறைக் கனவைச் சுருக்கி, உளவியலையும் குழந்தை வளர்ச்சி ஆய்வையும் நடுவில் வைத்தார். மற்றதெல்லாம் மெலிந்து கிடந்தது. வாரமொரு மாலை மாணவர்களைத் தன் வீட்டுக்கே வரவழைத்துக் கருத்தரங்கு நடத்தினார். பணம் கேட்டு யாரிடமும் போகவில்லை. பணம் இருந்த ஒரே ஆள் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

* * *

கிளார்க்குக்கு அப்போது எழுபத்தேழு வயது.

அதே ஊரில்தான் இருந்தார். அவர் பெயர் பொறித்த கட்டடம் அவர் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். உள்ளே போவது அரிது. தன் பணத்தில் வாங்கிய ஆராய்ச்சி கலைந்து சிகாகோவுக்குப் போனதைப் பார்த்தார். தான் கேட்ட கல்லூரி மட்டும் இன்னும் வரவில்லை.

ஹால் காத்திருந்தார். கிழவர் மனம் மாறும், பாக்கிச் சொத்து வரும், 1889 திரும்பும் என்று. அறங்காவலர்களும் காத்திருந்தார்கள். சாலிஸ்பரி, ஹோர் போன்றவர்கள் கிளார்க்கை வற்புறுத்தினால் காரியம் கெடும் என்று அடக்கி வாசித்தார்கள்.

அப்படியே எட்டு வருஷம் ஓடியது.

1900 மே மாதம் ஜோனஸ் கிளார்க் காலமானார். வாழ்நாள் முழுக்க மனதில் இருந்ததைச் சொல்லாத மனிதர், கடைசியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். உயில், அதன் மேல் திருத்தம், அதற்கும் மேல் திருத்தம்.

வக்கீல்கள் அதைப் பிரித்தபோது ஹாலுக்கு ஐம்பத்தாறு வயது. இத்தனை வருஷம் வாய் மூடிக் காப்பாற்றிய ரகசியத்துக்குக் கூலி அந்தத் தாள்களில் இருக்க வேண்டும்.

பையன்களுக்கான கல்லூரி அதில் இருந்தது, அதற்கான பணமும் இருந்தது. அந்தக் கல்லூரியை நடத்தும் அதிகாரத்தை கிளார்க் யாருக்குக் கொடுத்திருந்தார்?

(தொடரும்)